எண்ணெயை வெயிலில் வைக்காதீர்கள்: டெல்டா செக்குக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைப் பக்கம் மரச்செக்கு ஓட்டும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நெல் அறுத்த வயலில் தை, மாசியில் எள் விதைத்து, வீட்டுக்கு வேண்டியதை உங்களிடம் கூலிக்கு ஆட்டிக்கொள்கிற ஆள் நான். கலப்படம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். நல்ல எள்ளாகப் பார்த்து வாங்கி, கருப்பட்டி போட்டுப் பக்குவமாக ஆட்டிவிட்டு, அப்புறம் அதே எண்ணெயைக் கெடுத்து வைக்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

'வெயிலில் தெளிய வைத்தது' என்று போர்டிலேயே பெருமையாக எழுதுகிறீர்கள். அகலமான பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் வெயில் காட்டி, கசடு இறங்கியதும் மேலாக எடுத்து, உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிற பெட் பாட்டிலில் ஊற்றி மறுபடி கடை வாசல் வெளிச்சத்திலேயே அடுக்குகிறீர்கள். சூட்டில் எண்ணெய் இளகிக் கசடு சீக்கிரம் படியும், கொஞ்சம் ஈரமும் போகும், அது சரி. ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் பச்சையம் கலந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் அது ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு எண்ணெயோடு சேர வைக்கிறது. 10 டிகிரி சூடு கூடினால் இந்த வேலையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? முதலில் உண்டாகிற பெராக்சைடுக்கு வாடை கிடையாது. அது உடைந்து ஆல்டிஹைடு ஆகும்போதுதான் சிக்கு வாடை வரும். அதாவது உங்கள் மூக்குக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே எண்ணெய் கெட ஆரம்பித்துவிட்டது.

'நல்லெண்ணெய் எத்தனை நாளானாலும் கெடாது' என்பீர்கள். மற்ற எண்ணெய்களைவிடத் தாங்கும்தான், எள்ளில் இருக்கும் செசமின், செசமோலின் வகையறாக்கள் அதற்கு உதவுகின்றன. ஆனால் அதிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆக்சிஜனோடு சேரக்கூடிய கொழுப்புதான். கடலை எண்ணெய்க்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. தேங்காய் எண்ணெய் கதை வேறு. அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் ஆக்சிஜன் அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஈரம்தான் எதிரி. பேராவூரணிப் பக்கம் மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த கொப்பரையை ஆட்டினால் கொழுப்பு பிரிந்து லாரிக் அமிலம் தனியாக நிற்கும், நாக்கில் சோப்பு மாதிரி ஒரு ருசி. கொப்பரையின் ஈரம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

சரி, வெயில் வேண்டாமென்றால் என்ன செய்வது? விதையையும் கொப்பரையையும் நன்றாக வெயிலில் காய வையுங்கள், எண்ணெயை அல்ல. ஆட்டிய எண்ணெயை மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் நிழலில் வைத்தால் சில நாள் கூடுதலாக ஆகும், ஆனால் தெளியும். கசடு கிடக்கிற எண்ணெயை அப்படியே விட்டுவிடாதீர்கள், அந்தக் கசடில்தான் ஈரம் தங்குகிறது. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் பார்க்க லட்சணமாக இருக்கும். செம்பு துளி கரைந்தாலும் காறலை விரட்டிக்கொண்டு வரும். அப்புறம் அந்த டிரம். அடியில் பழைய எண்ணெய் கிடக்கும்போதே கழுவாமல் புதிதை மேலே ஊற்றுகிறீர்களே, அதில் இருக்கும் பெராக்சைடு புதுசையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இந்த டிரம்மின் மேல்தான்.

பாட்டிலில் பேக்கிங் தேதி போடுகிறீர்கள், ஆட்டிய தேதியையும் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் எத்தனை நாள் எங்கே கிடந்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும் இல்லையா? சுத்திகரிக்காத எண்ணெய்க்குக் கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு பெராக்சைடு எண் (எண்ணெயில் எவ்வளவு பெராக்சைடு சேர்ந்திருக்கிறது என்பது) 15, அமில எண் (கொழுப்பு பிரிந்து எவ்வளவு அமிலம் தனியாக நிற்கிறது என்பது) 4. தஞ்சாவூரிலேயே உணவுப் பதனத்துக்கென்று நிஃப்டெம் என்கிற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. நாலைந்து செக்குக்காரர்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள்: ஒரே எண்ணெயில் வெயிலில் வைத்தது ஒன்று, நிழலில் வைத்தது ஒன்று, மூன்று மாதம் கழித்து இரண்டின் எண்ணும் எவ்வளவு என்று.

வைகாசியில் எள்ளோடு வருவேன். மூடியுள்ள பாத்திரம் நானே கொண்டுவருகிறேன், ஆட்டியதும் கசடோடு கொடுத்துவிடுங்கள், வீட்டில் தெளிய வைத்துக்கொள்கிறோம்.