வேலைக்கு ஆள் எடுக்கும் முறையும் மாற வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டிலிருந்து பார்க்கும் வேலை பெரிய வரம் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்திருந்தது. உண்மைதான். எனக்கு ஆட்டிசம் உண்டு. பஸ் ஹாரன், டியூப்லைட் இரைச்சல், ஆபீஸில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, இதெல்லாம் இல்லையென்றாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் விதம் கொஞ்சமும் மாறவில்லையே.

பி.காம். முடித்திருக்கிறேன், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும். விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் நம் கொள்முதல் பில்களையும் வரிவரியாக ஒப்பிடும்போது, தமிழ்நாட்டுக் கடைக்காரரின் 33-இல் தொடங்க வேண்டிய ஜிஎஸ்டி எண்ணை யாராவது 32 என்று அடித்திருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும், மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் சலிக்காது. வீடியோ நேர்காணலில் இதை யாரும் கேட்பதில்லை. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று நான் யோசிப்பதற்குள் இன்னொருவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள். கேமராவைப் பார்த்தால் எனக்குக் கேள்வி மனதில் ஏறாது. அப்புறம் கம்யூனிகேஷன் போதாது என்று மெயில் வரும். வேலை என்னவோ நாள் முழுக்க எக்செல்லில் எண்களைச் சரிபார்ப்பதுதான்!

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில்தான் சேர்த்தார்கள். அதன் விதிகளின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும், மாற்றுத்திறனாளிகளை எப்படித் தேர்வு செய்வோம் என்பதையும் அதில் எழுத வேண்டும். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் 2013-லேயே ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடி வேலைக்கு எடுக்க ஆரம்பித்தது, பெங்களூரிலும்கூட. அப்படித் தனித் திட்டமெல்லாம் எல்லோராலும் முடியாது, சரி. கேள்விகளை முதல் நாளே எழுதி அனுப்பலாம், பதிலைத் தட்டச்சு செய்ய விடலாம், அதைவிட நல்லது, ஒரு மணி நேரம் நிஜ வேலையையே கொடுத்துப் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

நல்ல நிறுவனங்கள் இப்படிக் கதவை மூடுவதால்தான், டேட்டா என்ட்ரி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் பிடுங்குகிறவர்களிடம் பலர் போய் மாட்டுகிறார்கள்.

உங்களிடம் வேலை விளம்பரம் தருகிறவர்களிடம், நேர்காணலுக்கு எழுத்து மூலம் பதில் சொல்லவும் வழி உண்டா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்களேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருநெல்வேலி