பாத்திமாவுக்கு, தம்பியின் முகவாதம் பற்றி

தங்கச்சிமடம்

அன்புள்ள பாத்திமா,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது என்று படித்ததும் மனசு கேட்கவில்லை, உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். உம்மா அழுதபடியே இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பக்கவாதம் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார் அல்லவா, பாதி பயத்தை அங்கேயே இறக்கி வைக்கச் சொல். இந்த முகவாதம் வந்தவர்களில் 100க்கு 70 பேருக்கு மருந்து இல்லாமலேகூட முழுசாகச் சரியாகிவிடுகிறதாம். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் வாய்ப்பு இன்னும் கூடும். தம்பிக்கு மறுநாளே தொடங்கிவிட்டார்கள் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சர்க்கரை இருப்பவன் என்பதால் அந்த மாத்திரை சாப்பிடும் நாள்களில் சர்க்கரை ஏறும். அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல்.

என் நாத்தனாருக்கு இது வந்தது உனக்குத் தெரியுமே. கடல்பாசி எடுக்கப் போகிறவள். காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியிருக்கிறது. கச்சான் காற்று அடித்துவிட்டது என்று தெருவே சொன்னது. புறா ரத்தம் தடவச் சொன்னார்கள், மந்திரிக்கச் சொன்னார்கள். நல்லவேளையாக அவள் மகன் யார் பேச்சையும் கேட்காமல் ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் முதலில் நெற்றியைச் சுருக்கச் சொன்னாராம். பக்கவாதத்தில் பெரும்பாலும் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியும் அசையாது. கை கால் பலம், பேச்சு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொன்னார். இதை வீட்டிலேயே பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. வாய் கோணினால் யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

முகத்தை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு. 1821-இல் சார்லஸ் பெல் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியதால்தான் இந்த முகவாதத்துக்கு பெல்ஸ் பால்சி என்று பெயர். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான வழியாக அந்த நரம்பு வருகிறது. அங்கே வீங்கினால் விலக இடமில்லாமல் நசுங்கிப்போகிறது. அதனால்தான் தம்பிக்கு முதல் நாள் காதுக்குப் பின்னால் வலித்திருக்கும். பெரும்பாலும் ஒரு வைரஸ்தான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். காற்று முகத்தைக் கோணவைப்பதில்லை. ஆனால் மூடாத கண்ணுக்கு நம் கடற்கரைக் காற்றும் மணலும் பெரிய பகை. இதை அவன் மனைவியிடம் அழுத்திச் சொல். கண் காய்ந்தால் கருவிழியில் புண் வந்துவிடும். பகலில் சொட்டு மருந்து, வெளியே போனால் கண்ணாடி, இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். டேப் ஒட்டும் விதத்தை ஆஸ்பத்திரியிலேயே காட்டச் சொல்லுங்கள். முகம் பின்னால் சரியாகும், கண்ணில் புண் வந்தால் பார்வைக்கே கேடு.

இப்போது நீ கேட்ட பயிற்சிக்கு வருகிறேன். எனக்குக் கவலை தந்ததும் அதுதான். தம்பி நாள் முழுக்க சூயிங்கம் மெல்லுகிறான், பலூன் ஊதுகிறான், யாரோ கரண்ட் மெஷின் வைக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து நிறுத்தச் சொல். மெல்லும் தசைக்கு வேறொரு நரம்பு, ஐந்தாவது. அது அவனுக்கு நன்றாகவே இருக்கிறது. எவ்வளவு மென்றாலும் படுத்துக் கிடக்கும் தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. பலமாக ஊதும்போது நல்ல பக்கம்தான் இன்னும் இழுக்கும். கரண்ட் வைப்பதால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

நாத்தனாருக்கு பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தது ரொம்ப மெதுவான வேலை. அசைவே இல்லாத நாள்களில் தாடையிலிருந்து காதுப் பக்கமாக விரலால் மெல்ல நீவிவிடுவது, அவ்வளவுதான். லேசாகத் துடிப்பு தெரிந்த பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தைத் தூக்குவது, மூக்கைச் சுருக்குவது, வாய் மூடிச் சிரிப்பது, உதட்டைக் குவிப்பது. எல்லாமே சின்னச் சின்ன அசைவு. நல்ல பக்கம் முந்திக்கொண்டு இழுக்காமல் விரல் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். களைப்பு தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று நானும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சேதமான நரம்பு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். வளரும்போது சில இழைகள் வழி மாறி, வாய்க்குப் போக வேண்டியது கண் தசைக்குப் போய்விடும். அப்புறம் சிரித்தால் கண் தானாகச் சுருங்கும். முரட்டுத்தனமாகப் பயிற்சி செய்தால் அந்தத் தப்பான பழக்கம் இன்னும் ஊறிப்போகும். நாத்தனாருக்குக் கொஞ்சம் அப்படி வந்தது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் மெல்ல அசைக்கப் பழகிப் பழகி, இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதமாகியும் தம்பிக்கு ஒரு அசைவும் இல்லாவிட்டால் திரும்ப டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. கன்னத்தில் வலு இல்லாததால் சோறு அந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கும், மீன் முள்ளைத் தள்ளித் துப்பவும் வராது. உம்மாவிடம் கொஞ்ச நாளைக்கு முள் எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல். சாப்பிட்டதும் விரலால் கன்னத்தைச் சுத்தம் செய்யட்டும். அவன் யார் முன்னாலும் சாப்பிட வெட்கப்படுகிறான் என்று எழுதியிருந்தாய், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். நாத்தனாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே திரிந்தாள். பாசிக்கார அக்காமார் அவளை விடாமல் கூடவே உட்கார்த்தி வைத்துச் சாப்பிட்டார்கள். அவனையும் தனியாக உட்கார விடாதீர்கள்.

இங்கே எல்லோரும் நலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இவர் அப்போது வீட்டில்தான் இருப்பார். நீ அந்தச் சமயத்தில் வா. 2025-இல் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் நேரே ராமேஸ்வரம் வந்துவிடுகிறது, மண்டபத்தில் இறங்கி பஸ் மாறும் அலைச்சல் இல்லை. இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டு, கீழக்கரைக்குச் சேர்ந்தே போகலாம். நாத்தனாரும் வருகிறேன் என்கிறாள். கண்ணாடி முன் எப்படி உட்கார்வது என்று அவளே தம்பிக்குச் சொல்லிக் காட்டட்டும்.

கண் மூடுகிறதா இல்லையா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ஸ்டெல்லா