வோட்டு இல்லாவிட்டாலும் மைக் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் உட்கார்ந்து உங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஹெச்1பி விசா விதியில் ஒரு வரி மாறினாலும் மறுநாளே உங்களிடம் செய்தி வந்துவிடுகிறது, அதிபர் தும்மினால்கூட வந்துவிடுகிறது. தப்பில்லை, எங்கள் பிழைப்பே அதில்தானே தொங்குகிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன கட்டப் போகிறார்கள், காருக்கு வருஷா வருஷம் எவ்வளவு வரி, ஸ்கூலுக்கு எவ்வளவு பணம் போகும் என்பதையெல்லாம் வெள்ளை மாளிகை முடிவு செய்வதில்லை. கவுண்டி போர்டு முடிவு செய்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூடத் தமிழில் எங்கும் பார்த்த ஞாபகம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது வடக்கு வர்ஜீனியாவில், பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில். ஊரில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் கவுண்டி என்பது கிட்டத்தட்ட ஒரு மாவட்டம், ஆனால் மேலிடத்திலிருந்து அனுப்பிவைத்த கலெக்டர் கிடையாது. தொகுதிக்கு ஒருவராக ஏழு பேர், மொத்தக் கவுண்டிக்கும் ஒரு தலைவர், ஆக எட்டுப் பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களுக்குப் பெயர் சூப்பர்வைசர் போர்டு. நிர்வாக அதிகாரியை நியமிப்பதும் இவர்கள்தான், சொத்து வரி விகிதத்தை வைப்பதும் இவர்கள்தான், எந்த நிலத்தில் வீடு வரலாம் எந்த நிலத்தில் டேட்டா சென்டர் (இணையம் ஓடுவதற்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கிற பெரிய கட்டடம்) வரலாம் என்று சொல்வதும் இவர்கள்தான். 2022 ஜூலையில் ஹோட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டாலும் பில்லில் 4 சதவீதம் உணவு வரி ஏற ஆரம்பித்ததே, அதுவும் இவர்கள் போட்டதுதான்.

இந்த போர்டு, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், வுட்பிரிட்ஜில் மெக்கார்ட் கட்டடத்தில் கூடும். கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பெயர் கொடுத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றால் மூன்று நிமிடம் உங்களுடையது. பெயர் என்ன, எந்தத் தொகுதி என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். இங்கே நம்மவர்களில் பாதிப் பேர் கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கிறார்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கும் வோட்டு கிடையாது, குடியுரிமை வாங்கினால்தான். அதனால் ‘நமக்கெதுக்கு இந்த அரசியல், வந்தோமா வேலை பார்த்தோமா’ என்கிற பேச்சு எந்த பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனாலும் கேட்கிறது. சரி, வோட்டு இல்லை. ஆனால் வீட்டுக்கு வரி கட்டுகிறோம், இரண்டு காருக்கும் வரி கட்டுகிறோம், பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கின்றன. வரி கட்டத் தயங்காதவர்கள் மூன்று நிமிடம் பேசுவதற்கு ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

‘பேசி என்ன ஆகப் போகிறது, எல்லாம் முன்னாலேயே முடிவு பண்ணியிருப்பார்கள்’ என்பது அடுத்த பதில். எங்கள் கவுண்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

மனாசஸ் என்ற ஊர்ப்பக்கம் 1861லும் 1862லும் உள்நாட்டுப் போரில் இரண்டு பெரிய சண்டைகள் நடந்தன, அந்த இடம் இன்றைக்குத் தேசியப் பூங்கா. அதை ஒட்டிப் போகிற பேஜ்லேண்ட் லேன் ஓரமாக சுமார் 2,100 ஏக்கரில் ‘டிஜிட்டல் கேட்வே’ என்ற பெயரில் 37 டேட்டா சென்டர்கள் வரை, இரண்டு கோடி சதுர அடிக்கு மேல் கட்டத் திட்டம் போட்டார்கள். க்யூடிஎஸ், காம்பஸ் என்று இரண்டு கம்பெனிகள். நிலத்தை விற்க முன்வந்தவர்களைத் திட்டுவதற்கு எனக்கு மனசில்லை, ஏற்கெனவே உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே குடியிருந்தவர்கள், நல்ல விலை வந்தது, கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பகுதி போர்டு உறுப்பினரே தன் வீட்டையும் விற்கச் சம்மதித்துவிட்டு, அதனால் இந்த விஷயத்தில் வோட்டுப் போட முடியாத நிலைக்கு வந்து, 2022 கடைசியில் பதவியை விட்டுப் போனார். இடைத்தேர்தலில் ஜெயித்தவர் இந்தத் திட்டத்தை எதிர்த்து மைக் முன்னால் பல காலம் நின்ற பாப் வியர். நேற்றுவரை இந்தப் பக்கம் நின்று மூன்று நிமிடம் பேசிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

2023 ஜூனில் நடந்த உட்கட்சித் தேர்தலில் போர்டு தலைவர் ஆன் வீலர் தோற்றார், தோல்விக்கு டேட்டா சென்டர் கோபம் பெரிய காரணம். நவம்பரில் புதுத் தலைவர் தேர்வானார், ஜனவரியில் புது போர்டு வரப் போகிறது. கவுண்டியின் சொந்தத் திட்ட அலுவலர்களே ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள், திட்டக் கமிஷனும் அதையே சொன்னது. அப்படியும் பழைய போர்டு போவதற்கு முன்னால் விசாரணை வைத்தது. 2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பித்த கூட்டம் மறுநாள் மதியம் தாண்டித்தான் முடிந்தது. 27 மணி நேரம்! ராத்திரி முழுக்க ஆட்கள் வந்து பேசிக்கொண்டே இருந்தார்கள், பென்ஷன் வாங்கும் வயதில் இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள், வேலை கிடைக்கும் என்று ஆதரவாகப் பேசிய தொழிற்சங்கக்காரர்கள், நிலத்துக்காரர்கள், நூற்றுக்கணக்கான பேர். நான் நேரலையில் விட்டுவிட்டுப் பார்த்தேன். நான் பார்த்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பெயர்கூட வரவில்லை. கடைசியில் 4க்கு 3, ஒருவர் யாருக்கும் போடவில்லை, திட்டம் பாஸ்.

இதோடு நிறுத்தினால் ‘நான்தான் சொன்னேனே’ என்பீர்கள். ஓக் வேலி என்ற குடியிருப்பின் ஹெச்.ஓ.ஏவும் (வீட்டுக்காரர்கள் சங்கம்) அக்கம்பக்கத்துக்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். (குப்பைத் தொட்டியை ஒருநாள் வெளியே விட்டால் நோட்டீஸ் அனுப்பும் அதே ஹெச்.ஓ.ஏ ஜாதிதான், நல்ல காரியமும் செய்யும் போலிருக்கிறது.) 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த அனுமதியே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்று தீர்ப்பு சொன்னார். காரணம் சுற்றுச்சூழலும் இல்லை, போர்க்களமும் இல்லை. பொது விசாரணை நடக்கப் போகிறது என்று செய்தித்தாளில் மக்களுக்கு முறைப்படி, சட்டம் சொன்னபடி முன்கூட்டியே விளம்பரம் தரவில்லை, அதுதான். ஆசிரியரே, பத்திரிகையின் மூலையில் யாரும் படிக்காத பொடி எழுத்து நோட்டீஸுக்கு இவ்வளவு பலம்! கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். மக்களுக்குச் சொல்லாமல், மக்களைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது, அந்தச் சட்டம் உயிரோடு இருப்பது யாராவது போய் உட்கார்ந்து கவனிப்பதால்தான்.

இந்த இடத்துக்கு இது புதுசும் இல்லை. 1988இல் இதே போர்க்களத்துக்குப் பக்கத்தில் ஷாப்பிங் மால் கட்ட வந்தபோது உள்ளூர்க்காரர்கள் போட்ட சத்தத்தில் அமெரிக்க காங்கிரஸே தலையிட்டு 500 ஏக்கருக்கு மேல் நிலத்தை எடுத்துப் பூங்காவோடு சேர்த்தது. 1993இல் ஹேமார்க்கெட்டில் டிஸ்னி ஒரு பெரிய பார்க் கட்டப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு தாங்காமல் 1994இல் கைவிட்டது. டிஸ்னியையே திருப்பி அனுப்பிய ஊர் இது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நம்மில் பாதிப் பேர் பிழைப்பதே இந்த டேட்டா சென்டர்களால்தான். பக்கத்து லௌடன் கவுண்டியில், ஆஷ்பர்ன் பக்கம், உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் அதிகமாக நெருங்கி நிற்கின்றன. அங்கே வீட்டு வரி விகிதம் பல வருஷங்களாகக் குறைந்துவந்ததற்கு அவை கட்டும் வரிதான் காரணம், அதை அனுபவிப்பவர்களில் தமிழர்களும் ஏராளம். நான் டேட்டா சென்டரே வேண்டாம் என்கிறவள் இல்லை. ஆனால் எங்கே, எவ்வளவு உயரம், டீசல் ஜெனரேட்டர் எத்தனை, ராத்திரி இரைச்சல் எவ்வளவு, கரண்ட் எந்த வழியாக வரும் என்று கேட்க ஆள் வேண்டும். கேட்டால் பதிலும் வருகிறது. லௌடன் போர்டு 2025 மார்ச்சில் விதியை மாற்றியது. அதுவரை சில நிலங்களில் டேட்டா சென்டர் கட்ட போர்டு முன்னால் வரவே வேண்டாம், இப்போது ஒவ்வொன்றும் பொது விசாரணைக்கு வந்தாக வேண்டும். எங்கள் கவுண்டியில் டேட்டா சென்டர் கம்ப்யூட்டர்களுக்கான வரி வருஷக்கணக்காக அடிமட்டத்தில் கிடந்தது. 2023இல்கூட 100 டாலர் மதிப்புக்கு லௌடனில் 4.15 டாலர், இங்கே 2.15தான். 2024இல் 3.70 ஆக்கினார்கள். ‘எங்கள் வீட்டு வரியை ஏற்றாதே, அவர்களிடம் வாங்கு’ என்று ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் ஜனங்கள் போய்ப் போய்ச் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

போகிறவர்களுக்கு, நான் கூட்டங்களில் பார்த்ததை வைத்துக் கொஞ்சம் சொல்கிறேன். நம்மவர் ஒருவர் ஒருமுறை பேச வந்தார். எந்த வருஷம் அமெரிக்கா வந்தார், எந்தக் கம்பெனி, பிள்ளைகள் எந்தக் காலேஜ் என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடியப் போகிறது என்கிற மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. அவர் கேட்க வந்தது என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கு அடுத்து ஒரு பாட்டி வந்தார், வெள்ளைக்காரப் பாட்டி, கையில் ஒரு சீட்டு. இந்த விண்ணப்பத்தில் இத்தனையாம் பக்கத்தில் கட்டட உயரம் இவ்வளவு என்று இருக்கிறது, என் வேலிக்கும் அதற்கும் தூரம் இவ்வளவு, இதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், நன்றி. ஒன்றரை நிமிடம்தான், மேடையில் இருந்தவர்கள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் உச்சரிப்பை யாரும் மார்க் போடுவதில்லை, ஒரு விஷயம், ஒரு கோரிக்கை, அது போதும். பேசும்போது அவர்கள் திருப்பி ஒன்றும் சொல்ல மாட்டார்கள், முகத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு ‘மதிக்கவில்லை’ என்று கோபித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. அந்த நேரம் அவர்கள் கேட்பதற்கான நேரம், பதில் பிறகு தொகுதி உறுப்பினர் அலுவலகத்திலிருந்து மெயிலில் வரும், வராவிட்டால் நாம் அனுப்ப வேண்டியதுதான்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். ஸ்கூல் பக்கத்தில் கிராஸ்வாக் (ரோட்டைக் கடக்கிற கோடு) வேண்டும் என்றால், வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகளில் ரோடு மாநிலப் போக்குவரத்துத் துறையுடையது, போர்டு நேரடியாகப் போட முடியாது, சொல்லி வாங்கித் தர முடியும். ஸ்கூல் எல்லை மாற்றம் என்றால் அதற்குத் தனியாக ஸ்கூல் போர்டு இருக்கிறது. ஆஷ்பர்னில் நம்மவர்கள் நிறைய இருக்கிற லௌடன் வேலி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்புப் பக்கம் உயர் அழுத்த மின்கம்பியை நிலத்துக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி மக்கள் போராடினார்கள், கவுண்டியும் அவர்கள் பக்கம்தான் நின்றது, ஆனால் அந்த முடிவு ரிச்மண்டில் இருக்கிற மாநிலக் கமிஷன் கையில். அதற்கும் கவுண்டி போர்டில் பேசியது வீண் இல்லை, மக்கள் மட்டும் போய்க் கேட்பதற்கும் கவுண்டி சேர்ந்து கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

எங்கள் தமிழ்ச் சங்கங்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம். பொங்கலுக்குப் பானை வாங்குவதிலிருந்து பட்டிமன்றப் பேச்சாளரை ஊரிலிருந்து வரவழைப்பதுவரை அவ்வளவு அழகாக ஏற்பாடு செய்கிறவர்களுக்கு, ‘வருகிற செவ்வாய் போர்டில் நம் ஏரியா ரீசோனிங் (நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது) வருகிறது, நான்கு பேர் போவோம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடக் கை வரவில்லை. சங்கம் கட்சி சார்பு எடுக்கக் கூடாது என்பார்கள். சரி, நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவர் ஜன்னல் பக்கம் ஜெனரேட்டர் வேண்டாம் என்பதில் என்ன கட்சி இருக்கிறது?

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுத் தமிழர் பக்கத்தில் ஆண்டு விழாப் படங்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி, தமிழர்கள் அதிகமாக இருக்கிற கவுண்டிகளில் என்ன விசாரணைக்கு வருகிறது, எந்தத் தேதி, பேசப் பெயர் கொடுப்பது எப்படி என்று மாதம் ஒருமுறை போடுங்கள். வரி விகிதம் ஏப்ரலில் முடிவாகிறது, அதற்கு முன்னால் பொது விசாரணை உண்டு. எங்கள் போர்டுக்கும் லௌடன் போர்டுக்கும் அடுத்த தேர்தல் 2027 நவம்பரில். குடியுரிமை வாங்கிவிட்டு இன்னும் வோட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்காதவர்கள் எத்தனையோ பேர் உங்கள் வாசகர்களிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹேமார்க்கெட், வர்ஜீனியா