அந்த இரண்டு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்

மாதிரித் தேர்வு வினாத்தாள் குழுவினருக்கு வணக்கம்.

இயற்பியல் தாளின் 27ஆம் கேள்வியைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். கேட்டது, தனித்த நியூட்ரானின் அரை ஆயுட்காலம்; அதாவது, அணுக்கருவுக்கு வெளியே இருக்கும் நியூட்ரான்களில் பாதி சிதைய ஆகும் நேரம். என் மாணவி பத்து நிமிடம் சொச்சம் என்று எழுதினாள். உங்கள் விடைக்குறிப்பில் 14 நிமிடம் 40 விநாடி. ஐயா, அது சராசரி ஆயுட்காலம், ஒரு நியூட்ரான் சிதையாமல் இருக்கும் நேரத்தின் சராசரி. 0.693ஆல் பெருக்கிப் பாருங்கள், அவள் எழுதியதுதான் வரும். விடைக்குறிப்பைத் திருத்துங்கள், மதிப்பெண்ணைக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

போன வாரம் அவளும் அவள் அம்மாவும் பேரணாம்பட்டில் பஸ் ஏறி, குடியாத்தத்தில் மாறி, வேலூருக்கு வந்தார்கள். அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் முறம் இல்லாத நாளில் காசும் இல்லை. மழைக்குப் பயந்து மகள் விடைத்தாளைப் பாலிதீன் கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மணி நேரம் வராந்தாவில் காக்கவைத்துவிட்டு, "ரெண்டு மார்க்குக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பினீர்கள். கவரைப் பிரிக்கக்கூட இல்லை. விடைத்தாளில் நீங்கள் போட்ட 'பாடத்தைப் படி' என்ற சிவப்பு மை எழுத்து அப்படியே இருக்கிறது. படித்ததால்தானே அப்படி எழுதினாள்?

நியூட்ரானின் ஆயுளை அளக்கிறவர்களுக்கே இன்னும் வழக்கு தீரவில்லை. மிகக் குளிர்ந்த நியூட்ரான்களைக் காந்தத் தொட்டியில் அடைத்து, நேரம் போகப் போக எத்தனை மிச்சம் என்று எண்ணுவது ஒரு வழி. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அப்படி எண்ணி 2021இல் சொன்ன சராசரி 877.75 விநாடி. நியூட்ரான் கற்றையை ஓடவிட்டு, சிதைவில் பிறக்கும் புரோட்டான்களை எண்ணுவது இன்னொரு வழி. அதில் 2013இல் வந்தது 887.7. பத்து விநாடி உதைக்கிறது. தொட்டியில் நியூட்ரான் தொலைகிறதா, கற்றையில் புரோட்டான் கணக்கு விடுபடுகிறதா என்று அவர்கள் தங்கள் கணக்கையே சந்தேகப்பட்டுக் கிடக்கிறார்கள். உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை, கொடுத்துவைத்தவர்கள். உங்கள் வராந்தாவில் அன்று ஆயிரம் நியூட்ரானை உட்காரவைத்திருந்தால், நீங்கள் கூப்பிடும்போது ஒன்று மிஞ்சியிருப்பதே சந்தேகம். எங்கள் பிள்ளைகள் மட்டும் சிதையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 27ஆம் கேள்வியின் விடையைத் திருத்தி, சரியாக எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தகவலைத் தபாலில் அனுப்பினால் போதும். அந்த அம்மாவை இன்னொரு நாள் வேலையை விட்டு வரச்சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு டியூஷன் வாத்தியார்