குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. மூன்றாவது குறுக்குத் தெருவில் எரியாத விளக்குகள் மாற்றப்பட்டன. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யக் கோரி நகராட்சிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. கிழக்குப் பக்கம் மட்டும் விடுபட்டுவிட்டது. இந்த ஆண்டில் மறைந்த நம் உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கத்தின் அஞ்சலி.

இனி பூங்கா இடத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டின் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. அது ஏன் என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நம் மனைப்பிரிவுக்கு 1986-ல் அனுமதி கிடைத்தது. சாலை போக மிச்ச நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்ற விதிப்படி, வடகிழக்கு மூலையில் 38 சென்ட் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. மனை வாங்கும்போது நமக்குக் காட்டிய வரைபடத்தில் பச்சை அடித்திருந்த இடம் அது. நாம் ஒவ்வொருவரும் கொடுத்த விலையில் அந்த இடத்துக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. இத்தனை வருடமும் அது சீமைக்கருவேல முள்ளும் குப்பையுமாகவே கிடந்தது. ஒரு மாட்டுக் கொட்டகை வந்தது, அப்புறம் மணல் லோடு கொட்டும் இடமானது. 2024 மே மாதம் யாரோ நான்கு மூலையிலும் கல் ஊன்றினார்கள். ஒரு வாரம் கழித்து, 'இங்கே மனை விலைக்கு வருகிறதாமே' என்று வெளியூர்க்காரர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து விசாரித்தார். அன்றைக்குத்தான் விஷயத்தின் தீவிரம் உறைத்தது.

விசாரித்துப் பார்த்ததில், அந்த ஒரு நிலத்துக்கு நான்கு அலுவலகங்களில் நான்கு விதமான பதிவு இருந்தது. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் இருக்கும் அனுமதி வரைபடத்தில் அது பூங்கா. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், 1987-ல் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. வருவாய்த் துறைக் கணக்கிலோ பட்டா இன்றுவரை பழைய நில உரிமையாளர் பெயரில் இருக்கிறது. நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அப்படி ஓர் இடமே இல்லை. நான்கு அலுவலகத்தாரும் தங்களிடம் உள்ளதைத்தான் சொன்னார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. தானப் பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதல் கேட்டு நகராட்சி ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு கடிதம் 37 வருடமாக எழுதப்படவில்லை.

நான் 31 வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகவும் கண்காணிப்பாளராகவும் வேலை பார்த்தவன். எழுத்தர் தனக்கு வரும் தபாலைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டில் ஏறாத தபால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அரசு நிர்வாகத்தின் பெரிய நோய் லஞ்சம்தான் என்று எல்லோரும் பேசுகிறோம். லஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு துறையின் காகிதம் அடுத்த துறைக்குப் போய்ச் சேராமல் இருப்பதும் அதற்குக் குறையாத நோய் என்பது என் அனுபவம். யாரும் தப்புச் செய்யாமலே பொதுச் சொத்து கைவிட்டுப் போகும்.

2024 ஜூன் 12-ல் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1) பிரிவில் நகராட்சிக்கு மனு செய்தேன். 30 நாளில் பதில் வரவில்லை. ஜூலை 29-ல் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு செய்தேன். ஆகஸ்ட் கடைசியில் 'சம்பந்தப்பட்ட கோப்பு கிடைக்கப்பெறவில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுபடி மனு செய்து, பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்டேன். சட்டத்தில் அதற்கும் இடமிருக்கிறது. இதில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். 'சொத்துப் பதிவேட்டின் இன்ன பக்கத்தின் நகல் கொடுங்கள்' என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான். நகலைக் கையில் வாங்கிய பிறகுதான், நகராட்சிப் பதிவேட்டில் அந்த இடம் இல்லை என்பது எழுத்தில் உறுதியானது.

இதற்கிடையே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இரண்டு முறை மனு கொடுத்தோம். அங்கே கொடுக்கும் மனு வட்டாட்சியருக்குப் போகிறது, அங்கிருந்து நகராட்சிக்குப் போகிறது, கடைசியில் யாரைப் பற்றிப் புகாரோ அவர் மேசைக்கே வந்து சேர்கிறது. அவர் எழுதும் பதிலோடு மனு முடிக்கப்படுகிறது. நம் முதல் மனு அப்படித்தான் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடிந்தது. இரண்டாவது மனுவில் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை இணைத்தேன். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றும், அதைக் கேட்க அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் சேர்த்தேன். அதற்குப் பிறகு பேச்சின் தொனி மாறியது.

வார்டு உறுப்பினரை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். 2016 அக்டோபரில் நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில்தான் எல்லா நகராட்சியும் இருந்தன. தேர்தல் தள்ளிப்போகக் கூடாது என்பதற்காக 1993-ல் அரசியல் சட்டத்தையே திருத்தியிருந்தும் இதுதான் நிலைமை. அங்கே மாட்டுக் கொட்டகை வந்ததும் அந்த வருடங்களில்தான். அப்போது போய்ச் சொல்ல நமக்கு ஒரு கவுன்சிலர் இல்லை.

இப்போது கவுன்சிலர் இருக்கிறார், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அது தொடங்கியபோது பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நம் பகுதியில் இந்த ஆண்டு இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டாவது கூட்டத்தில் பூங்கா இடத்துக்குப் பட்டா பெற வேண்டும் என்ற தீர்மானத்தை நாம் கொண்டுவந்தோம், நிறைவேறியது. 212 வீடுகள் உள்ள நகரிலிருந்து அன்று வந்தவர்கள் 9 பேர். அதில் மூன்று பேர் என் வீட்டார்.

பலன் இதுதான். 2025 ஜனவரியில் பட்டா மாறுதல் கேட்டு நகராட்சியிலிருந்து வட்டாட்சியருக்குக் கடிதம் போய்விட்டது. 37 வருடம் எழுதப்படாத அதே கடிதம். மார்ச் மாதம் நில அளவர் வந்து அளந்தார். ஊன்றியிருந்த கற்கள் அகற்றப்பட்டு, 'இவ்விடம் நகராட்சிக்குச் சொந்தமானது' என்ற பலகை நிற்கிறது. பட்டா இன்னும் வரவில்லை. வராதவரை அந்தப் பலகை வெறும் தகரம்தான்.

அளந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லை காட்ட ஆட்கள் வேண்டும் என்று முந்தின நாள் வாட்ஸப் குழுவில் இரண்டு முறை போட்டேன். 64 பேர் பார்த்தார்கள், 17 பேர் கட்டை விரல் காட்டினார்கள். காலை பத்து மணிக்கு வந்தது நானும், பொருளாளரும், எட்டாம் நம்பர் வீட்டு அம்மாவும். அவருக்கு 71 வயது. வெயிலில் இரண்டு மணி நேரம் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல் ஊன்றிய எதிர்த்தரப்பிலிருந்து 12 பேர் வந்திருந்தார்கள். நில அளவர் இளைஞர், நேர்மையானவர். இத்தனை பெரிய பகுதிக்கு அவர் ஒருவர்தான், பக்கத்துப் பகுதிக்கும் கூடுதல் பொறுப்பாம். அவர் எங்களைப் பார்த்து, "சங்கத்துல இவ்வளவு பேர்தானா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

செயற்குழுவில் 11 பேர். ஆறு கூட்டங்களில் நான்கு பேருக்கு மேல் வந்தது ஒரே ஒரு முறை. ஒருவருக்கும் வேலை இல்லாமல் இல்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் வராதவர்களே வாட்ஸப் குழுவில் 'சங்கம் என்ன கிழித்தது' என்று எழுதும்போது மனசு வலிக்கிறது. செயலாளர் சங்கப் பணத்தில் ஊர் சுற்றுகிறார் என்றும் ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. பூங்கா விவகாரத்துக்குச் சங்கம் செலவழித்தது மொத்தம் ரூ.4,380. நகல், பத்திர நகல், அளவைக் கட்டணம், தபால் எல்லாம் அதில் அடக்கம். பேருந்துக்கட்டணம் ஒரு ரூபாய்கூட நான் வாங்கவில்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு கடந்த ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு. வங்கியில் அவசரத்துக்குப் போதுமான இருப்பு இருக்கிறது. விவரத்தைப் பொருளாளர் வைத்திருக்கிறார், கேட்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். சந்தா கட்டியவர்கள் 97 வீட்டார். மாதம் 50 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 600 ரூபாய். மூன்று வருடமாகக் கட்டாத வீடுகள் 40-க்கு மேல். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது, 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கே 25 விழுக்காடு ஏறியது. அதை 5 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும் என்று முதல் மாதத்திலேயே போய்க் கட்டுகிறோம். அந்த வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்கும் சங்கத்துக்கு மட்டும் பாக்கி வைக்கிறோம். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், கணக்குத் தணிக்கை செய்து கொடுத்தவருக்கும், கூட்டம் நடத்த இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், வார்டு உறுப்பினருக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி. எட்டாம் நம்பர் அம்மாவுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். பட்டா வந்ததும் சுற்றுச்சுவருக்கு மதிப்பீடு கேட்க வேண்டும். அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போகலாம், போனால் வக்கீல் செலவு வரும். எனக்கு 67 வயதாகிறது, சென்ற மாதம் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். இந்தப் பொறுப்பை யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். வரவில்லை என்றால் பட்டா வரும்வரை நானே பார்க்கிறேன், நடுவில் விடமாட்டேன்.

மனுக்கள், பதில்கள், வரைபடம், தானப் பத்திர நகல் எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பில் என் வீட்டில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். ஜூலை 14, திங்கட்கிழமை, பட்டா மாறுதல் விஷயமாக வட்டாட்சியர் அலுவலகம் போகிறேன். காலை ஒன்பதரை மணி பேருந்துக்கு நகர் முனை நிறுத்தத்தில் நிற்பேன்.