அண்ணனுக்கு, எட்டுக் கத்திகளைப் பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

‘நீங்கள்’ என்று போட்டுத்தான் தொடங்கினேன். சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இதைப் படிக்கப்போகிறார்கள், மரியாதை குறையக் கூடாது என்று நினைத்தேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. ஐம்பது வருடமாக வாய்க்கு வராத சொல் கைக்கு மட்டும் வந்துவிடுமா? அழித்துவிட்டு நீ என்றே எழுதுகிறேன். பெரியம்மா வருத்தப்பட்டால் நீயே சமாதானம் சொல்லிக்கொள்.

இன்று அக்டோபர் 1. நீ குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தேதியை நீ ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று பாப்பாதான் எனக்குச் சொன்னாள். 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது நம் சேலம் ஜில்லாவில், அதுவும் இதே அக்டோபர் 1-ஆம் தேதி. ‘ஜில்லாவே விட்ட நாளில் நானும் விடுகிறேன்’ என்றாயாமே. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் அந்த மூட்டை வந்து சேர்ந்தது. எட்டுக் கத்திகள், பழைய ஈரிழைத் துண்டில் சுற்றி, சணல் கட்டி. ஒரு வரி எழுத்து இல்லை. ஹிகோனோகாமி என்ற அந்த ஜப்பான் மடக்குக் கத்தியின் அலகில் துரு பூத்திருந்தது.

குடியை விட்டாய், சரி. கத்தி உன்னை என்ன செய்தது?

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பானத்தை ஜோடி சேர்க்கும் நம் விளையாட்டை இங்கே புதிதாக வருபவர்களுக்கு அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தி பிறந்த ஊரும் பானம் பிறந்த ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். லாகியோல் என்ற பிரெஞ்சுக் கத்திக்குச் சிவப்பு ஒயின்தான். 1880-லேயே அந்தக் கத்தியில் தக்கைத் திருகியைச் சேர்த்துவிட்டார்கள், அதுவே வாய் திறந்து ஒயினைக் கேட்கிறது என்பேன். நீ ஏற்கவில்லை. கத்திக்கும் கோப்பைக்கும் நடுவில் ஒரு தீனி இருக்கிறது, அதைக் கேட்காமல் ஜோடி சேர்க்காதே என்றாய். அஸ்தம்பட்டி மொட்டைமாடியில் ஒரு மே மாதம் இமாம்பசந்தை அறுத்து நிரூபித்தும் காட்டினாய். முதல் பழத்தைக் கார்பன் எஃகு அலகால் அறுத்தாய். சாறு பட்ட இடம் கறுத்தது, துண்டில் இரும்பு வாடை அடித்தது. அடுத்ததைச் சுவிஸ் கத்தியின் துருப்பிடிக்காத அலகால் அறுத்து, கோதுமை பீர் ஊற்றினாய். அந்த பீரில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் கொடுப்பது; யாரும் பழமோ கிராம்போ போடுவதில்லை. மாம்பழத்துக்குப் பக்கத்தில் அது கூடப் பிறந்தது போல உட்கார்ந்தது. நீ சொன்னதுதான் சரி. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது எழுதிக் கொடுக்கிறேன்.

அப்பாவின் ராட்ஜர்ஸ் விஷயத்திலும் நான் நடந்துகொண்டது முறையில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த கத்தி, அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும். ‘இதில் நம் கஞ்சமலை இரும்பு இருக்கிறது’ என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் வருடக் கணக்கைக் காட்டி உன்னை மடக்குவேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் உலை போட்டுச் சேலத்து இரும்புக் கல்லை உருக்கினார், அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது, எல்லாம் உண்மை. ஆனால் அவர் 1851-இலேயே இறந்துவிட்டார், அப்பாவின் கத்தி அதற்கு எத்தனையோ காலம் பிந்தியது என்பேன். உன் முகம் சுருங்குவதைப் பார்த்தும் விடமாட்டேன். இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது, வேண்டுமென்றே சொல்லவில்லை. வார்ப்பெஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கியவர் அதே ஹீத். ஷெஃபீல்டுக் கொல்லர்கள் பிறகு அந்த முறைக்குத்தான் மாறினார்கள். நம் மலையின் இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்த மனிதர் கொண்டுபோன வித்தை அது. அந்த வகையில் அப்பாவின் கத்தியில் கஞ்சமலை இருக்கத்தான் செய்கிறது, அண்ணா.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. அந்த டிசம்பர் ராத்திரிக்காக.

ஏற்காட்டில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காப்பிப் பழம் அரைத்த தொட்டியிலிருந்து புளித்த வாடை திண்ணைவரை வந்துகொண்டிருந்தது. ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் இரண்டு பாட்டில். அவை எப்படி மலையேறின என்பதை இங்கே எழுத வேண்டாம். தட்டில் தோட்டத்து ஆரஞ்சு. ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி, எட்டாம் நம்பர். அதன் பீச் மரப் பிடி மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து ஊதிப்போய் அலகை விடவே இல்லை. பிடியின் அடியைக் கல்லில் தட்டு, அந்தக் கத்தி பிறந்த சவோய் மலைக்காரர்கள் அப்படித்தான் திறப்பார்கள் என்றேன். தட்டினாய். அலகு தலையை நீட்டியது. உனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, பம்பரம் முதல்முறை நின்று சுற்றியபோது சிரித்தாயே, அதே சிரிப்பு. பழத்தை உரித்தாய், தோல் எங்கும் அறுபடாமல் ஒரே சுருளாக. சாறு பட்டு அலகு நீலம் பாய்ந்தது. ஒரு சுளை, ஒரு வாய் ஸ்டவுட். வறுத்த பார்லியின் கசப்பும் ஆரஞ்சுத் தோலின் எண்ணெயும் நாக்கில் ஒன்றாக இறங்கின. அதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமில்லை.

பிறகு நீ கொப்பரையை எடுத்தாய்.

பிடியின் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருகவில்லை. 1955-இலிருந்து அந்தக் கத்திக்கு வளையம் வைத்திருப்பதே அதற்காகத்தான். திருகிவிட்டால் அலகு மடங்காது. நூறு முறை சொல்லியிருக்கிறேன். கொப்பரையில் நுனியைக் குத்தினாய், அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அலகில் பொறித்திருக்கும், கிரீடம் வைத்த அந்தக் கை, ரத்தத்தில் தெரியவே இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை யார் ஓட்டினார்கள், எந்த நிலையில் ஓட்டினார்கள் என்பதைச் சொல்லப்போவதில்லை. வீட்டில் என்ன சொன்னோம் என்பதையும் சொல்லப்போவதில்லை. அண்ணி, நீங்கள் இதைப் படித்தால், ஏழு தையல் போட்டது மட்டும் நிஜம். மீதியை அண்ணனே சொல்லட்டும்.

வளையம் உன் தவறு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் காப்பி டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்ததை நான் பார்த்தேன். டவராவில் வைக்கும்போது தடதடவென்று ஆடியது. பார்த்த பிறகுதான் கத்தியை நீட்டினேன். ஒரு வாய் உள்ளே போனால் உன் நடுக்கம் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஊற்றிக் கொடுத்ததும் நான்தான். என்னை மன்னித்துவிடு. நான் உன்னைக் குடிக்கப் பழக்கவில்லை, நான் தொடங்கும் முன்பே நீ தொடங்கிவிட்டாய். நான் ஊரில் இல்லாத நாட்களில் கத்தியும் தட்டும் இல்லாமலேயே குடித்தாய். இருந்தாலும் அதற்கு ஒரு தட்டு, ஒரு விளக்கு, சொல்லிக்கொள்ள ஒரு பெயர், எல்லாம் வைத்துக் கொடுத்தவன் நான். ‘நாங்கள் குடிக்கவில்லை அம்மா, ருசி சேர்த்துப் பார்க்கிறோம்’ என்று அம்மாவிடமே சொன்னேன். அம்மா நம்பியது போலத் தலையாட்டினாள்.

அதற்காக நீ அந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். யார் வந்து சொன்னார்கள் என்று கேட்காதே. பொம்மை காட்டிக் கெடுத்தவனாம் நான். கெடுத்தவனா உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் பதினோரு ராத்திரி பாய் விரித்துப் படுத்தான்? அலகில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி அனுப்பக்கூட உனக்கு மனம் வரவில்லையே. துருவை ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். ஹிகோனோகாமியில் பூட்டு கிடையாது. அலகின் வாலாக நீண்டிருக்கும் இரும்பைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். உன் பெருவிரல் பட்டுப் பட்டு வழவழப்பான அந்த இடத்தில் மட்டும் நான் உப்புத்தாள் போடவில்லை.

முடிவு செய்துவிட்டேன். ஆறு கத்திகள் என்னிடம் இருக்கட்டும். நான் நிறுத்தவில்லை. சனிக்கிழமை ஒரு பாட்டில் உண்டு, இல்லை என்று பொய் எழுதி உன்னைக் குளிர்விக்க மாட்டேன். உன் எதிரில் குடிக்க மாட்டேன், என்னால் தர முடிந்தது அவ்வளவுதான். ராட்ஜர்ஸும் ஒபினெலும் உனக்குத் திரும்பி வருகின்றன. ராட்ஜர்ஸ் அப்பாவுடையது, மூத்தவன் நீ. அதை மூட்டை கட்டி அனுப்ப உனக்கு உரிமையே கிடையாது.

ஒபினெல் எதற்கு என்று கேட்பாய். உன் விதிப்படிதான். நடுவில் ஆரஞ்சு அப்படியே இருக்கிறது, ஸ்டவுட் எழுந்துபோன இடத்தில் காப்பி உட்காரட்டும். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் அந்த மலையில் கொண்டுவந்து நட்ட அதே அரபிகா, வறுத்த கசப்பில் பார்லிக்கு ஒன்றும் குறைந்ததில்லை. போன மாதம் கடைவீதியில் பழம் வாங்கி நானே செய்து பார்த்தேன். தோல் உரித்த விரல்களோடு டம்ளரைத் தூக்கும்போது ஆவியோடு அந்த எண்ணெய் வாசனையும் ஏறி வருகிறது. சிக்கரி கூடாது. பாலும் வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லி வை, பால் அதைக் கெடுத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மழை பிடித்துக்கொண்டு பிடி ஊதியிருந்தால் திண்ணைக் கல்லில் தட்டு. தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன், துடைத்துவிட்டு உரி. வளையத்தை நான் திருகித் தருகிறேன்.

உன் தம்பி