எலக்ட்ரிக் தியேட்டரில் சினிமாத் தபால்தலைகள்: அஞ்சல்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தின் முதன்மை அஞ்சல்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைப் பிரிவுக்கென்று இருக்கும் பழைய கட்டடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதுத் தபால்தலை வெளியீடு, முதல்நாள் உறை (தபால்தலை வெளியான நாளின் முத்திரை குத்திய உறை) என்று என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் தேடிப்போகிற இடம் அது. 1913-இல் வார்விக் மேஜர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர்தான் அந்தக் கட்டடம். சென்னையில் சினிமாவுக்கென்றே எழும்பிய முதல் நிரந்தரக் கொட்டகைகளில் ஒன்று. சில காலம்தான் ஊமைப்படம் ஓடியது. 1915-இல் உங்கள் துறை அதை விலைக்கு வாங்கியது.

அதற்கு முதலில் நன்றி. அதே சாலையை ஒட்டி ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டர் இன்று இல்லை. அந்தக் காலத்துத் தென்னிந்திய ஊமைப்படங்களும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சினிமா ஓட்டுவதை நிறுத்தி, அஞ்சலகத்தின் கைக்கு வந்ததால்தான் இந்த ஒரு கொட்டகை பிழைத்துக்கிடக்கிறது என்று நம்புகிறேன்.

ஆனால் அந்தச் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். அந்தக் கூடத்தில் சினிமாத் தபால்தலைகளுக்கென்றே நிரந்தரமாக ஒரு காட்சி வையுங்கள். இந்திய சினிமாவின் நூற்றாண்டுக்காக 2013-இல் 50 தபால்தலைகள் வெளியிட்டீர்கள். கணக்குப் பார்த்தால் அந்தக் கட்டடத்துக்கும் அது நூறாவது வருடம்! அவற்றை மாட்ட இதைவிடப் பொருத்தமான சுவர் எங்கே கிடைக்கும்? 2001-இல் வந்த சிவாஜி கணேசன் தபால்தலையையும் பக்கத்திலேயே வைக்கலாம்.

ஆல்பத்தை எட்ட நின்று பார்த்துப் பயனில்லை. பிள்ளைகள் கையில் பூதக்கண்ணாடி கொடுங்கள். தபால்தலையின் ஓரத்துப் பற்களை எண்ணட்டும், வெளியான வருடத்தை அவர்களே தேடிப் படிக்கட்டும். பழைய உறையின் மூலையைத் தண்ணீரில் ஊறவைத்து, தபால்தலை கிழியாமல் உரித்து, மை படாத தாளில் கவிழ்த்துக் காயவைப்பதை ஒருவர் செய்துகாட்டினால் போதும். கடிதமே வராத வீட்டுப் பிள்ளைக்கும் ஆசை பிடித்துவிடும். அப்புறம், அவர்கள் வாங்கும் அஞ்சலட்டையில் அந்தக் கட்டடத்தின் படம் போட்ட முத்திரையைக் குத்திக்கொடுங்கள்.

பள்ளி விடுமுறை நாட்களிலும் திறந்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். காட்சிக்குத் தபால்தலை தந்து உதவவும், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் நான் தயார். கூப்பிட்டால் மற்ற சேகரிப்பாளர்களும் வருவார்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு தபால்தலை சேகரிப்பாளர்